சுவரும் உழைப்பும்: அம்பேபுஸ்ஸ நூலகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழிற் கட்டடக்கலை பற்றி எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை கோயிலைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. விமானத்தின் உயரம், தூணின் வடிவம், கட்டுவித்த அரசனின் ஆட்சியாண்டு ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்படும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு பெருந்தச்சனின் பெயரையும் பேணித் தந்துள்ளது. ஆயின் கல்லை உடைத்தோரும் சுமந்தோரும் இவ்வாய்வுகளுக்குள் இடம்பெறுவது அரிது. இது கட்டடக்கலை ஆய்வுக்கு மட்டுமே உரிய குறைபாடன்று. இலக்கியத்தையும் நெடுங்காலமாக நாம் ஆக்கியோன் பெயர், நயம், உத்தி என்ற எல்லைக்குள் நின்றே நோக்கி வந்துள்ளோம்.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் கட்டடம் பற்றிப் பேச முற்படுவதற்கு நியாயம் இதுவே. 1934ஆம் ஆண்டில் வால்டர் பெஞ்சமின் எழுத்தாளனை ஓர் உற்பத்தியாளனாக நோக்கும் உரையொன்றை எழுதினார். ஒரு படைப்புத் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நின்று இயங்குகின்றது என்றும் கேட்டல் வேண்டும் என்பது அவ்வுரையின் மையக் கருத்தாகும். எழுத்தாளனிடம் கேட்கப்பட்ட இக்கேள்வி கட்டடக்கலைஞனுக்கு இன்னும் நேராகப் பொருந்துகின்றது. எழுத்தாளன் தன் கையாலேயே எழுதுகின்றான். கட்டடக்கலைஞனோ வரைபடத்தை மட்டுமே ஆக்குகின்றான். சுவரை எழுப்புவது பிறர் கை.

அண்மைக் காலத்தில் ‘நிலைபேறான கட்டடக்கலை’ என்ற தொடர் பெருவழக்காகியுள்ளது. வெயிலையும் காற்றையும் பயன்படுத்தல், சூழலைக் கெடுக்காத பொருள்களைக் கையாளுதல், பழைய பொருள்களை மீளப் பயன்படுத்தல் என்பன இத்தொடரின் பொருளாகக் கொள்ளப்படுகின்றன. இவை வேண்டியனவே. எனினும் கட்டடம் எழும்பி முடிந்த பின்னர் அதைக் கட்டிய கையில் எஞ்சுவது யாது என்ற வினா இவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை. இவ்வினாவைத் தன் தொழிலின் மையத்தில் வைத்த ஓர் இளம் கட்டடக்கலைஞரின் ஆக்கமொன்று கேகாலை மாவட்டத்திலேயே உள்ளது. அதன் சாதனையையும் முரண்பாட்டையும் ஒருசேர விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மாவனல்லையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் அம்பேபுஸ்ஸ அமைந்துள்ளது. இவ்வீதியின் வரலாற்றை முதலிற் குறிப்பிடுவது அவசியமாகும்.

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் இவ்வீதி 1820களில், ஆளுநர் எட்வேர்ட் பான்சின் காலத்தில் அமைக்கப்பட்டது. அதன் பொறியியலாளராகிய கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரம் நிற்கின்றது. மலையை வெட்டியோருக்கு அவ்வாறான நினைவுச் சின்னம் எதுவுமில்லை. அவர்களிற் பெரும்பாலானோர் இராசகாரிய முறையின் கீழ்க் கட்டாய உழைப்புக்கு அழைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். கண்டி அரசின் நிலவுடைமைக் கடமையாக இருந்த ஒரு வழக்கத்தைக் குடியேற்ற ஆட்சி தன் வீதிவேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது வீதி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

வீதி திறந்த மலைநாட்டுக்குக் கோப்பி வந்தது. பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன. தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்காக எழுந்த கட்டடமே லயன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய திண்ணை. பல லயன்களிற் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசைகளாக அமைந்தமையால் பின்புறம் யன்னலுக்கு இடமே இருக்கவில்லை. தொடக்கத்தில் வரிச்சும் மண்ணும் வைக்கோற் கூரையுமாக இருந்தவை காலப்போக்கிற் கற்சுவரும் தகரக் கூரையுமாக மாறின. ஆயினும் அமைப்பு மாறவில்லை. ஏனெனில் லயன் என்பது வாழ்வதற்காக அன்றி உழைப்பாளரை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதற்காகவும், அதிகாலையில் அவர்களை ஒருங்கே திரட்டுவதற்காகவும் வகுக்கப்பட்ட வடிவமாகும். சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா முதலியோரின் எழுத்துகளில் லயக் காம்பரா வெறும் நிகழ்களமாக நின்றுவிடாது வாழ்வை நெருக்கும் சக்தியாகவே தொழிற்படுவதற்குக் காரணமும் இதுவே.

வீதி, லயன் ஆகிய இரண்டிலும் கட்டியவனுக்கும் கட்டப்பட்டதற்கும் இடையிலான உறவு ஒரே தன்மையுடையது. உழைப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது, உழைத்தவனிடத்தில் எதுவும் எஞ்சவில்லை. இப்பின்னணியிலேயே அம்பேபுஸ்ஸவின் நூலகத்தை நோக்குதல் வேண்டும்.

3

அம்பேபுஸ்ஸ இராணுவ வளாகத்தில் எழுந்த சமுதாய நூலகத்தை வடிவமைத்தவர் மிலிந்த பத்திராஜ. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கங்கா ரத்நாயக்கவுடன் சேர்ந்து ஒரு கட்டடக்கலைப் பட்டறையை நடத்தி வருபவர். அவரது கலாநிதி ஆய்வின் பொருளே இங்கு நமக்கு முக்கியமானது. மூன்றாம் உலக நாடொன்றில் வடிவமைப்பும் தொழிலாளர் பயிற்சியும் எவ்வாறு இணைதல் கூடும் என்பதை அவர் ஆராய்ந்தார்.

இலங்கை போன்ற நாடுகளிற் கட்டட வேலைக்கு வருவோரிற் பெரும்பாலானோர் விவசாயம் கைவிட்ட கிராமத்து இளைஞர்கள். முறையான பயிற்சி பெற்றோர் அவர்களுட் குறைவு. மேசன் பாசின் பின்னால் மண்ணும் கல்லும் சுமந்து, பார்த்துப் பழகிச் சிலர் மேசனாகின்றனர்; பலர் இறுதிவரை கையுதவியாளராகவே இருந்துவிடுகின்றனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரமெங்கும் வீடுகளை விரைந்து கட்டவேண்டியிருந்தபோது இக்குறை பெரிதாக வெளிப்பட்டது. அவ்வளவு பெரிய கட்டுமானம் நிகழ்ந்தும், அதனூடாகத் தொழிலாளரின் திறன் எவ்வாறு வளர்க்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பத்திராஜ, தம் ஆசிரியர் பாவோலோ தொம்பேசியுடன் இணைந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார்.

இப்பிரச்சினைக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, தொழிற்சாலையிற் செய்த உறுப்புகளைக் கொண்டுவந்து பொருத்துவது. இதனால் தவறு குறையும். தொழிலாளியின் பங்கும் குறையும். மற்றையது, மரபுக் கைவினைஞரைத் தேடிச் செல்வது. இவ்வழியில் அழகிய கட்டடங்கள் எழுந்துள்ளன. ஆனால் தேர்ந்த கைவினைஞர் சிலரே. அவர்களை அமர்த்தக்கூடியோரும் சிலரே.

பத்திராஜ முன்வைப்பது மூன்றாவது வழி. அதனைத் ‘தாக்குப்பிடிக்கும் தொழினுட்பம்’ என நாம் தமிழிற் குறிப்பிடலாம். தொழிலாளியின் கை சற்றுப் பிசகினாலும் கட்டடத்தின் தரம் கெட்டுவிடாதவாறு அதன் நுணுக்கங்களை முன்கூட்டியே வகுத்தல் இதன் முதற்படி. கட்டும் செயலையே ஒரு பாடத்திட்டமாக அமைத்து, எளிய வேலையிலிருந்து கடினமான வேலைக்குத் தொழிலாளியை இட்டுச்செல்லல் இரண்டாம் படி. வரைபடத்தில் உள்ளதைத் தொழிலாளி எட்டவேண்டும் என்று எதிர்பார்க்கும் வழமைக்கு மாறாக, தொழிலாளி நிற்குமிடத்திலிருந்து வரைபடத்தைத் தொடங்குவது இதன் சாரம்.

அம்பேபுஸ்ஸவிற் கட்டுமானத் தொழிலாளராக நின்றோர் போரின் முடிவுக்குப் பின்னரான இளம் படையினர். நூலகம் சரிவான நிலத்தின் போக்கைத் தழுவி, உள்முற்றமொன்றைச் சூழ்ந்து நீண்டு வளைகின்றது. நிலத்தைப் பெரிதாக வெட்டாமல், குறுக்குக் காற்றோட்டத்துக்கும் இயற்கை வெளிச்சத்துக்கும் இடமளித்து அது அமைக்கப்பட்டது. மீளப் பயன்படுத்திய பொருள்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அதன் சிறப்பான கூறு இடித்திறுக்கிய மண்சுவராகும்.

இச்சுவர் எழும்பும் முறை விளக்கத்துக்குரியது. தக்க மண்ணைத் தேர்ந்து, அரித்து, வேண்டின் சிறிதளவு சீமெந்து கலந்து, ஈரத்தை அளவாக்கி, இருபுறமும் பலகை அடைத்த சட்டத்துள் ஒரு படையாக இட்டு இடிப்பர். அது இறுகியபின் அடுத்த படை. பலகையைக் கழற்றும்போது மண்ணின் வரிகள் ஒன்றன்மேலொன்றாகத் தெரியும். ஒரு படை சற்றுத் தடித்தும் மற்றது மெலிந்தும் அமைந்தால் அது பிழையாகத் தோன்றுவதில்லை. சுவரின் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது. அதேவேளை, கையில் எடுத்த மண் எவ்வளவு ஈரம் ஏற்கும் என்பதை அறிதல், சட்டத்தைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கல், இடியின் ஒலி மாறுவதைக் கொண்டு இறுக்கத்தை உணர்தல் ஆகியன கற்றறிய வேண்டிய திறன்கள். தவறைப் பொறுத்துக்கொள்ளும் சுவரே கற்பிக்கும் சுவராகவும் அமைவது இங்ஙனமே.

மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் தேனீயையும் கட்டடக்கலைஞனையும் ஒப்பிடும் பகுதி பலரும் அறிந்தது. கட்டுவதற்கு முன்னரே கட்டடத்தைத் தன் மனத்தில் எழுப்பிவிடுவதால் மனிதன் தேனீயினின்றும் வேறுபடுகின்றான் என்பது அதன் கருத்து. ஆனால் முதலாளித்துவ உற்பத்தியில் மனத்தில் எழுப்புபவன் ஒருவன், கையால் எழுப்புபவன் வேறொருவன். கட்டட வேலைத்தலத்தில் இப்பிளவு கண்கூடு. மேற்கூறிய முறை இப்பிளவை ஒழித்துவிடவில்லை. வரைபவர் வரைபவராகவே உள்ளார். எனினும் தான் செய்வது ஏன் அவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைக் கையால் உழைப்பவன் அறிவதற்கு அது இடம் திறக்கின்றது. ‘நிலைபேறு’ என்ற சொல்லுக்கு உழைப்பின் பக்கத்திலிருந்து பொருள் காண முயன்றமையே இந்நூலகத்தின் பெறுமதி எனலாம்.

4

இவ்வளவோடு நின்றால் அது பாராட்டுரையாகுமேயன்றி விமரிசனமாகாது. இந்நூலகம் மூன்று முரண்பாடுகளைத் தன்னுள் கொண்டுள்ளது.

முதலாவது, அதனைக் கட்டியோர் படையினர் என்பது. தமிழ் வாசகர் ஒருவர் இச்செய்தியை மனச்சலனமின்றி வாசிப்பது அரிது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரில் எத்தனை வீடுகள் இடிந்தன என்பதும், வடக்கில் மக்களின் காணிகள் ஆண்டுக்கணக்கில் இராணுவத்தின் வசமிருந்தன என்பதும் நம் அனுபவத்தின் பகுதிகள். இடித்த நிறுவனமே கட்டும் நிறுவனமாகத் தோற்றம் பெறும்போது எழும் கசப்பை உணர்ச்சிவயப்பட்டது என ஒதுக்கிவிட முடியாது. எனினும் நிறுவனத்தையும் அதனுள் நிற்கும் மனிதனையும் வேறுபடுத்தி நோக்குதல் வர்க்கப் பார்வையின் அடிப்படையாகும். படையிற் சேர்ந்தோரிற் பெரும்பகுதியினர் நிலமும் வேலையுமற்ற கிராமத்து வறியோரின் பிள்ளைகள். துப்பாக்கி பிடிக்க மட்டும் பயிற்றப்பட்ட இளைஞன் ஒருவன் சுவரெழுப்பக் கற்று, படையை விட்டு நீங்கியபின் அத்தொழிலால் வாழ்தல் கூடும் என்றால், அது அவனுக்கு மட்டுமன்றி நமக்கும் நன்மையே. ஆயினும் படைவீரனின் உழைப்புக் கட்டளைக்கு உட்பட்ட உழைப்பு. கூலி பற்றிப் பேசவோ வேலையை மறுக்கவோ அவனுக்கு இடமில்லை. ஒழுங்கான அணியும், குறித்த நேரமும், இடையில் விலகிச் செல்லாத மாணவரும் அமைந்த இடத்தில் வெற்றிபெற்ற முறை, நாட்கூலிக்கு வருவோரிடத்திலும் வெற்றிபெறுமா என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது.

இரண்டாவது, அதற்குக் கிடைத்த அங்கீகாரம். இவ்வாக்கம் 2014இல் ஹொல்சிம் விருதுகளில் ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் வெள்ளிப் பரிசையும், 2015இல் உலக அளவிலான வெள்ளிப் பரிசையும் பெற்றது. ஹொல்சிம் உலகின் மிகப் பெரிய சீமெந்து நிறுவனங்களுள் ஒன்று. உலகில் மனிதச் செயலால் வெளியேறும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியால் விளைவது. சீமெந்தைக் குறைத்த மண்சுவருக்குச் சீமெந்து முதலாளிகளின் அறக்கட்டளை பரிசளிப்பதில் வியப்பில்லை. எதிர்ப்பையும் தன் பெருமையாக உட்கொள்ளவல்லது மூலதனம். இதன் பொருட்டு ஆக்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயின் ஒரு மாதிரிக் கட்டடத்துக்குப் பரிசு கிடைப்பது வேறு, அதன் முறை நாட்டின் கட்டுமானக் கொள்கையாவது வேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது முரண்பாடு நூலகத்துக்கு வெளியே உள்ளது. அதே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் லயன்கள் இன்றும் நிற்கின்றன.

5

கேகாலை மாவட்டத்தின் தோட்டங்கள் தேயிலையினும் மேலாக இறப்பருக்குப் பெயர்பெற்றவை. தெஹியோவிற்ற, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய முதலிய பகுதிகளிற் பால்வெட்டும் கொழுந்தும் வாழ்வாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன. இடதுசாரி இயக்கம் தேர்தற் களத்தில் முதன்முதலாக வேரூன்றிய மண்ணும் இதுவே. 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியே என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. எனினும் ‘மலையகம்’ என்றதும் நுவரெலியாவையும் பதுளையையும் மட்டுமே நினைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. சப்ரகமுவவின் தோட்டங்கள் அந்நினைவின் ஓரத்திலேயே உள்ளன. இந்திய அரசின் உதவியுடன் தோட்டத் தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட முதல் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே ஒதுக்கப்பட்டமை இதற்கோர் எடுத்துக்காட்டு.

இயற்கையின் சீற்றம் இவ்வோரத்தை விட்டுவைக்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி மாவனல்லைக்கு அருகிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டனர். அதே மழையிற் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணுள் புதைந்தது. அதற்கு இரு ஆண்டுகளுக்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டமையை நாம் மறந்திருக்க முடியாது. மழையைத் தடுக்க இயலாது. எவர் எந்தச் சரிவில் வாழ நேர்ந்தது என்பதோ மழையால் தீர்மானிக்கப்பட்டதன்று. பயிருக்கு உகந்த நிலம் பயிருக்கு; எஞ்சியது லயனுக்கு என்பதே தோட்டத்தின் நில ஒழுங்கு.

1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கல்ஸ், தொழில்கொள்வோனே வீட்டுடையோனாகவும் அமையுமிடத்துத் தொழிலாளியின் போராடும் வலிமை எவ்வாறு முறிக்கப்படுகின்றது என்பதை விளக்கினார். வேலைநிறுத்தம் செய்தால் கூலியோடு கூரையும் போகும். தோட்டத்து லயன் இதற்கு மிகத் தெளிவான உதாரணமாகும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பான்மையோர் நாடற்றோராக்கப்பட்டபின் இப்பிடி மேலும் இறுகியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோதும் காம்பராவின் உரிமை அங்கு வாழ்ந்தோருக்கு மாறவில்லை. 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற அண்மைக்காலத் திட்டங்கள் வரவேற்கத்தக்கவை. எனினும் உறுதியோடு கூடிய காணியைப் பெற்ற குடும்பங்கள் இன்னும் சிறுபான்மையே.

இவ்விடத்தில் நம் போன்ற படித்தோர் ஓர் உண்மையை மனங்கொளல் வேண்டும். மண்சுவரின் அழகை நாம் வியக்கலாம். தோட்டத்துத் தாய் ஒருவரிடம் மண்வீடு தருவோம் என்றால் அவர் முகம் சுழிப்பார். அவரின் பாட்டி வாழ்ந்த காம்பராவின் சுவரும் மண்ணே. சீமெந்துக் கல் வீடு அவருக்கு ஆடம்பரமன்று. கூலிக் குடியிருப்பிலிருந்து வெளியேறியமைக்கான அடையாளம். ஆகவே பொருளில் இயல்பாகவே முற்போக்கோ பிற்போக்கோ இல்லை. நிலம் யாருடையது, வீட்டை வகுத்தவர் யார், அதில் வாழ்வோரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பனவே மண்ணுக்கும் சீமெந்துக்கும் பொருள் தருவன. கண்டியின் மினெற் டி சில்வா 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறவிருந்த பல்வேறு சமூகத்துக் குடும்பங்களிடம் வினாக்கொத்து மூலம் அவர்தம் வாழ்முறையையும் தேவையையும் கேட்டறிந்தே வரையத் தொடங்கினார். அவர்கள் அரசாங்க ஊழியர்கள். விருப்பம் கேட்கப்படும் தகுதியுடையோராகக் கருதப்பட்டவர்கள். தோட்டத் தொழிலாளரிடம் அவ்வாறு கேட்கப்பட்டதற்கான உதாரணங்களைத் தேடித்தான் காணவேண்டும்.

இங்குதான் அம்பேபுஸ்ஸவின் முறை பயன்படக்கூடும். தோட்டத்து இளைஞர் பலர் இன்று கொழும்பின் கட்டட வேலைத்தலங்களிற் கையுதவியாளராக உள்ளனர். மாடிகளை எழுப்பும் அவர்களின் பெற்றோர் ஒழுகும் தகரத்தின் கீழ் வாழ்கின்றனர். தோட்டங்களில் ஒரு பிள்ளைக் காம்பராவோ, வாசிகசாலையோ, வீட்டுத் தொகுதியோ கட்டப்படும்போது அதனையே பயிற்சிக் களமாக்கி, இவ்விளைஞருக்குக் கூலியும் கற்பித்தலும் ஈற்றில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கிடைக்கச் செய்யலாம். பெண்களும் இதிற் சேர்க்கப்பட வேண்டும். மலைச்சரிவில் நீர் வடியும் வழியமைத்தல், அணைச்சுவர் எழுப்பல் ஆகியன பாடத்தின் முதற் பகுதிகளாதல் வேண்டும். இங்கு அவை உயிர்காக்கும் திறன்கள்.

ஒரு தெளிவு இன்றியமையாதது. தாமே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளுதல் என்ற திட்டம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இக்கருத்தை அரசின் கொள்கையாக்கியது. வறியோரின் ஊதியமற்ற உழைப்பால் வீடமைப்புச் செலவைக் குறைப்பது, மூலதனம் கொடுக்கவேண்டிய கூலியின் ஒரு பகுதியைத் தொழிலாளியே மீண்டும் ஒருமுறை உழைத்து ஈடுசெய்வதாகும் என மார்க்சிய ஆய்வாளர் அக்காலத்திலேயே கண்டித்தனர். பகல் முழுதும் கொழுந்து பறித்த பெண், மாலையில் தன் வீட்டுக்குக் கல் சுமப்பதைச் சுயவுதவி என்று போற்றுவதற்கில்லை. ஆகவே கூலியில்லாத இடத்திற் பயிற்சி என்ற சொல் சுரண்டலின் புதுப் பெயராகவே அமையும்.

6

நூலகம் ஒன்றினால் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை. நல்ல நாவல் ஒன்றினாலும் அவை மாறுவதில்லை. எனினும் சில ஆக்கங்கள் கேள்வியைச் சரியான இடத்தில் நிறுத்துகின்றன. மிலிந்த பத்திராஜவின் ஆக்கம் அத்தகையது. கட்டடத்தைக் கட்டுவோனின் கல்வியாகக் கருதலாம் என்று அது செய்து காட்டியுள்ளது. அக்கல்வி இராணுவ வளாகத்தின் வேலிக்கு உள்ளேயே நின்றுவிடுமா, வீதியைக் கடந்து தோட்டத்துக்குள்ளும் செல்லுமா என்பது கட்டடக்கலைஞர் ஒருவரால் மட்டும் தீர்க்கப்படக் கூடியதன்று. காணியுரிமைக்கும் நியாயமான கூலிக்குமான போராட்டத்தோடு இணைந்தே அது தீர்க்கப்படும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு வீட்டின் வரைபடத்தையும் தம் மேசையில் வைக்கவேண்டிய காலம் இது. பல்கலைக்கழகத்தில் உள்ள நாமும் லயக் காம்பராவை இலக்கியத்தின் பாடுபொருளாக மட்டும் ஆராய்வதோடு நின்றுவிடாது, அது இல்லாதொழியும் வழிகளையும் ஆராய்தல் கடனாகும்.